எண்பத்திரண்டு

பயிற்சி அறை மேசைமேல் ஒரு ரப்பர் வயிறு இருந்தது. அதற்குள் பொருத்தியிருந்த பெட்டி, கருவிலிருக்கும் குழந்தையின் இதயம்போலத் துடிக்கும். நூற்று நாற்பதில் வைத்திருப்பதாகப் பயிற்சியாளர் சொன்னார். பிரசவ அறையில் பன்னிரண்டு வருடம் குப்பை கொட்டிய மூத்த நர்ஸ்தான் முதலில், குழந்தையின் துடிப்பை எண்ணும் கருவியின் பட்டையை அந்த வயிற்றில் கட்டினாள். கருவியின் திரையில் எண்பத்திரண்டு என்று வந்தது.

"எண் குறைஞ்சா மொதல்ல என்ன பண்ணுவீங்க?" என்றார் பயிற்சியாளர்.

"அம்மா கையைப் புடிச்சுப் பாப்போம் மேடம். சில நேரம் மெஷின் குழந்தையை விட்டுட்டு அம்மாவோட நாடியைப் புடிச்சுக்கும்" என்றாள் நர்ஸ்.

"இதுக்குத்தான் கையே இல்லையே!" என்றாள் பக்கத்தில் நின்றவள். எல்லோரும் சிரித்தார்கள்.

நர்ஸ் பழக்க தோஷத்தில் தன் மணிக்கட்டையே பிடித்துப் பார்த்தாள். எண்பத்திரண்டு.

ஒயரை மாற்றினார்கள். பட்டையை வேறொருத்தி கட்டினாள். எண் அங்கேயே நின்றது. தேநீர் இடைவேளையில் நர்ஸ் மாடிப்படியை இரண்டு முறை ஓடி ஏறினாள். திரும்பி வந்து, கருவி அதுவரை தள்ளியிருந்த காகிதத்தைப் பிரித்தாள். கோடு இரண்டு இடத்தில் மேடேறி இறங்கியிருந்தது.

அந்தக் காகிதத்தை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு எல்லோரும் கிளம்பினார்கள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கருவியருகே உட்கார்ந்தாள். வர நேரமாகும் என்று கணவருக்கு போன் செய்தாள்.

"எவ்வளவு நேரம்?" என்றார் அவர்.

"தெரியலைங்க."

பெருக்க வந்த ஆயா வாசலிலிருந்தே கேட்டாள்: "மெஷினை நிறுத்திடவா சிஸ்டர்?"

கேட்டுக்கொண்டே ஆயாவின் கை வாசலோரச் சுவிட்சுக்குப் போனது. நர்ஸ் பதறி எழுந்தாள். திரையில் எண் நூற்று முப்பதுக்குத் தாவியது.