சத்தம் போடாத பிராணி

அப்துல் பாரி மூங்கில் கூண்டின் மேல் கிடந்த சாக்கை விலக்கினார். உள்ளே சாணுக்கு மேல் நீளமாக ஒரு தோக்தே பல்லி, சாம்பல் உடம்பெங்கும் செம்புள்ளிகளோடு குச்சியைக் கட்டிக்கொண்டு கிடந்தது.

"பர்மாக்காரங்க இதை அதிர்ஷ்டம்பாங்க, அண்ணே. வீட்டுல பூச்சி பொட்டு அண்டாது."

அது வாயைத் திறந்து, 'தோக்தே, தோக்தே' என்று தன் பெயரைத் தானே சொல்லிக் கத்தியது. பக்கத்துக் கூண்டுப் புறாக்கள் படபடத்தன.

அய்யாசாமி ஓரடி பின்னால் போனான்.

"இது ஆகாது, ராவுத்தரே. சத்தமே போடக் கூடாது. பிள்ளை கையில வச்சிக்கணும். ஒரு தேயிலைப் பெட்டிக்குள்ள அடங்கணும்."

இராத்திரி வேலைக்காரர்கள் பகலில் தூங்குகிற வீடு போலிருக்கிறது என்று அப்துல் பாரி தானாகவே முடிவு செய்துகொண்டார். லான்மடாவ் கடைத்தெருவில் பறவையும் பிராணியும் விற்கிறவருக்கு எல்லா வகை ஆட்களும் பழக்கம்தான்.

மைனா என்று வாயெடுத்தார். அய்யாசாமி கையை உயர்த்தித் தடுத்துவிட்டான்.

போன தீபாவளிக்கு அவன் மைத்துனன் பேசும் மைனா ஒன்று வாங்கித் தந்திருந்தான். "வாங்க, உக்காருங்க" என்று அது சொல்லும்போதெல்லாம் வந்தவர்கள் கூண்டைச் சூழ்ந்து நின்று சிரித்தார்கள். மகள் தங்கமணி மட்டும் எழுந்து ஜன்னலோரம் போய்விடுவாள். ஒருநாள் கூண்டைத் திறந்து மைனாவைப் பறக்க விட்டாள். வீட்டில் யாரும் அவளைத் திட்டவில்லை.

நாய்க்குட்டியும் வேண்டாம். கதவு திறந்தால் அது தெருவுக்கு ஓடும், பின்னாலேயே அவளும் ஓடுவாள். அய்யாசாமி டிராம் ஓட்டுகிறவன். நாளெல்லாம் மணியைக் காலால் மிதித்து மிதித்து அடிப்பவன். அந்த மணி எல்லோரையும் விலக்கிவிடும் என்று அவனால் நம்ப முடியவில்லை.

அப்துல் பாரி ஒரு மலைப்பாம்புக் குட்டியை எடுத்துத் தன் முன்கையில் சுற்றிக் காட்டினார். சாதுவாகத்தான் இருந்தது.

"பெருசாகுமா?"

அவர் கடையின் இந்தச் சுவரையும் அந்தச் சுவரையும் பார்த்தார். பாம்பு கூடைக்குத் திரும்பியது.

அப்போதுதான் பலகைக்கு அடியில் ஏதோ நகர்வதை அய்யாசாமி கண்டான். குனிந்து எடுத்தான். உள்ளங்கை அகலத்தில் ஓர் ஆமை. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்திருந்தன. வாயில் கீரைத்தண்டு.

"மாந்தளே பக்கத்து வறண்ட காட்டிலேருந்து வந்தது. உங்க ஆளுங்க ஆமையை வீட்டுல சேக்க மாட்டீங்களேன்னுதான் காட்டல."

அதுவும் உண்மைதான். மனைவி வேலம்மா என்ன சொல்வாள் என்று நினைத்துக்கொண்டே அவன் ஆமையின் காலைத் தொட்டான். அது காலை உள்ளே இழுத்துக்கொண்டது. கடிக்கவில்லை. மெதுவாக மறுபடி தலையை நீட்டி, விட்ட இடத்திலிருந்து தண்டைத் தின்னத் தொடங்கியது.

அவன் அதைத் துண்டில் பொதிந்துகொண்டான்.

பபேடானில் அவர்கள் குடியிருந்த மாடி அறை வாசலிலேயே, துண்டிலிருந்து எட்டிப்பார்த்த தலையைக் கண்டு, வேலம்மா நிலையில் கையூன்றி மறித்துவிட்டாள்.

"ஆமையையா கொண்டாந்தீங்க? குடும்பம் விளங்குமா?"

அவளுடைய கைக்குக் கீழே இரண்டு சின்னக் கைகள் வெளியே நீண்டன. அய்யாசாமி ஆமையை அந்தக் கைகளில் வைத்தான். தங்கமணி அசையாமல் நின்றாள். ஆமை கழுத்தை நீட்டி அவள் கட்டைவிரலை முகர்ந்தது.

மகளின் முகத்தைப் பார்த்த வேலம்மா கையை எடுத்தாள்.

"வர்ற சனி என்னைப் புடிக்கட்டும். உள்ள வாங்க."

சாயங்காலம் பக்கத்து அறை நூர் பீவியும் அவள் தங்கை ரஹீமாவும் புதுப் பிராணியைப் பார்க்க வந்தார்கள். தேயிலைப் பெட்டிக்குள் வைக்கோல் மேல் அது உட்கார்ந்திருந்தது. நூர் பீவி அதைத் தூக்கி விளையாட்டாகக் காதருகே வைத்துக்கொண்டாள்.

"என்ன லாத்தா சொல்லுது?" என்றாள் ரஹீமா.

நூர் பீவி உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினாள். ரஹீமா வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தாள். அவளும் உதட்டைப் பிதுக்கினாள். வேலம்மாகூட வாங்கி வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். ஒவ்வொரு முறையும் சிரிப்பு.

கடைசியில் ஆமை தங்கமணியின் கைக்குப் போனது. அய்யாசாமி தடுக்க எழுந்தான். அவளையும் இந்த விளையாட்டில் சேர்த்துவிட்டார்களே.

அவளும் அதைக் காதோடு வைத்துக்கொண்டாள். கண்ணை மூடிச் சற்றுக் காத்திருந்தாள்.

பிறகு எல்லோரையும் போலவே உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினாள்.

அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அய்யாசாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். என்றைக்கோ இழுத்த மூச்சை இப்போதுதான் விட்டதுபோல் இருந்தது.

பிறவியிலேயே காது கேளாத அவன் மகளுக்கு, அன்று மற்றவர்களுக்குக் கேட்ட அத்தனையும் கேட்டது.