கழுவாத இரைப்பை

"தண்ணி ஊத்தட்டுமா டாக்டரம்மா?"

பிணவறை உதவியாளர் குவளையைப் பாதி சாய்த்தபடி நின்றார். வெட்டி விரித்த இரைப்பை என் கையில் இருந்தது.

"வேண்டாம்ணா."

குவளையை நிமிர்த்தினார், கீழே வைக்கவில்லை. திறந்த எதையும் கழுவிக் கொடுத்தே பழகிய கை.

மேசையில் கிடந்தவருக்கு எழுபத்தொரு வயது. இந்த மலையூரில் தனியாக வாழ்ந்த ஓர் அம்மா. முந்தாநாள் காலை மகன் வந்து கதவைத் திறந்தபோது இரவு உடை வாசலருகே கிடந்திருக்கிறது. அலமாரியின் இழுப்பறைகள் தரையில் சிதறியிருந்தன. அம்மா உடம்பில் துணியில்லாமல், கட்டிலுக்கடியில், சுவர்ப் பக்கம் முகம் வைத்துச் சுருண்டிருந்தார். முழங்கால்களிலும் முழங்கைகளிலும் செந்நீலத் திட்டுகள்.

அதற்கு முந்தைய மாலை அம்மாவும் மகனும் போட்ட சத்தம் பக்கத்து வீடுவரை கேட்டிருக்கிறது. உடலைக் கண்ட அன்றே பிடித்துப்போன மகன் இன்னும் காவலில் இருக்கிறான்.

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவில் சாய்ந்திருந்தார். நான் 'கொலை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் வேலை முடிந்துவிடும்.

திட்டுகளை ஏற்கெனவே கீறிப் பார்த்திருந்தேன். அடி என்றால் தோலுக்கடியில் ரத்தம் கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை. கழுத்தில் ஒன்றுமில்லை, மண்டையில் ஒன்றுமில்லை, இதயத்தில் அடைப்பில்லை. குளிரால் வரும் சாவுக்கென்று தனி முத்திரை கிடையாது. மற்ற ஒவ்வொன்றும் இல்லை, இல்லை என்று தள்ளிக்கொண்டே போய்த்தான் அதனிடம் சேர வேண்டும்.

இரைப்பையின் உள்சுவர் மட்டும் கொஞ்சம் பேசும். மிளகை இடித்துத் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். உடம்பு மெல்ல மெல்லக் குளிர்ந்து அடங்கும்போது உள்ளே கசியும் ரத்தம், அமிலம் பட்டுக் கறுத்துப் போவது.

"குளிர்ல செத்திருக்காங்க" என்றேன்.

"சரிதான். குளிரு வந்து துணியையும் உருவிட்டுப் போச்சாக்கும்."

அவர் கேலியில் விஷமில்லை. தெரியாதவர் யாரும் அப்படித்தான் கேட்பார். கடைசி நேரத்தில் உடம்புக்குப் புத்தி தடுமாறிவிடும், தோல் பற்றியெரிவது போலிருக்கும், அவர்களே உடைகளைக் களைந்துவிடுவார்கள் என்று சொன்னேன். பிறகு எங்காவது நுழைந்து ஒளிந்துகொள்ளத் தோன்றும். கைக்கு எட்டியதையெல்லாம் இழுத்துத் தள்ளிவிட்டு இடுக்கில் போய்ப் படுத்துக்கொள்வார்கள்.

"அந்தச் சண்டை எதுக்காம்?" என்று கேட்டேன்.

"ரூம் ஹீட்டர் ரிப்பேராகிப் பத்து நாளாச்சாம் மேடம். நாளைக்கு ஆளைக் கூட்டிட்டு வரேன், நாளைக்குக் கூட்டிட்டு வரேன்னு பையன் இழுத்தடிச்சிருக்கான். அதுக்குத்தான் அந்தம்மா..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"விடச் சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் காலடிச் சத்தம் நடைவழியின் கடைசிவரை கேட்டது.

உதவியாளர் அண்ணன் அருகில் வந்து இரைப்பையைக் குனிந்து பார்த்தார்.

"இதுதானா டாக்டரம்மா குளிரு?"

"ஆமாண்ணா."

புள்ளிகளை விரலால் சுட்டினார்.

"அந்தப் பொண்ணுக்கும் இப்படித்தானே இருந்துச்சு. மாடிப்படிக்கு அடியில கெடந்துதே, புருஷனைப் புடிச்சுட்டுப் போனாங்களே. ஏதோ தின்ன தூள் ஒட்டியிருக்குன்னு, நல்லாத் தேய்ச்சு ஊத்துங்கண்ணான்னு சொன்னீங்க."

அவர் குற்றம் சாட்டவில்லை. ஞாபகம் வந்ததைச் சொன்னார்.

எனக்கு இங்கே அது முதல் மாதம். ஆடையில்லாத இளம்பெண், முழங்கால்களில் செந்நீலத் திட்டுகள். போராட்டம் நடந்திருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புகைப்படங்கள் இரைப்பையைக் கழுவிய பிறகு எடுத்தவை. அறிக்கையில் புள்ளி என்ற சொல்லே இல்லை. அந்த இரைப்பையை அழுக்கோடு பார்த்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

"எந்தப் பொண்ணுண்ணா?" என்று கேட்டேன்.

என் குரல் இயல்பாகத்தான் இருந்தது.

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் கையுறையைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தேன்.

"விடுங்க. எனக்கு வயசாச்சு, எதையோ எதோடயோ சேத்துட்டேன்" என்றார். குவளையிலிருந்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டினார்.

இந்தப் புள்ளிகளைப் பற்றி நான் ஒரு கட்டுரையில் படித்து ஒன்பது வருடம் ஆகிறது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு மாணவர் கூட்டத்திடமும் சொல்லியிருக்கிறேன், பார்த்து எழுதி முடிக்கும்வரை தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று. இவரிடம் மட்டும் சொன்னதில்லை. குளிர்கால உடல் வந்தால், வயிற்றைத் திறப்பதற்கு முன்னால் ஏதாவது புட்டி எடுத்துவரச் சொல்லி இவரை வெளியே அனுப்பிவிடுவேன். இன்று இன்ஸ்பெக்டரோடு பேசிக்கொண்டிருந்ததில் அனுப்ப மறந்துவிட்டேன்.

மேசைக்கு வந்து அறிக்கையை எழுதினேன். மரணத்தின் காரணம், குளிர். இன்று மாலைக்குள் அந்த மகன் வீட்டுக்குப் போய்விடுவான்.

அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியும். அவள் கணவனுக்குச் சிறையில் இது பதினாறாவது குளிர்காலம். அவனுடைய கைதி எண்ணும் தெரியும்.