ஓயாத பேச்சு

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ப்ரீத்தி பெருக்கல் குறிகூடப் போட்டுக் கொடுத்திருந்தாள். ஆனாலும் கத்தரினுக்குக் கை வரவில்லை. பேனாவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

"என்ன ஆன்ட்டி, சந்தோஷத்துல கை ஓடலையா?" என்று சிரித்தாள் ப்ரீத்தி.

கத்தரின் மன்னார்க்காரி. வெளிநாட்டில், மல்கிரேவ் புறநகரில் தன் வீட்டிலேயே சொந்த ஊர்க்காரரின் பிள்ளைகள் நாலு பேரைப் பகலில் பார்த்துக்கொள்கிறாள். அப்படிப்பட்ட வீடுகளைச் சோதித்துத் தரம் போடும் அலுவலகத்திலிருந்து வருபவள் ப்ரீத்தி. கோயம்புத்தூர்ப் பெண். அங்கே தமிழ் தெரிந்த ஒரே ஆள் என்பதால் தமிழ் வீடுகளெல்லாம் அவள் தலையில்தான் விழும்.

போன வருட அறிக்கை கத்தரினின் மானத்தை வாங்கிவிட்டது. பின்வாசல் கேற்றின் கொக்கி சரியாக விழவில்லை என்று, 'இன்னும் முன்னேற வேண்டும்' என்று எழுதிவிட்டார்கள். இந்த முறையும் அதே தரம் வந்தால் காப்பகத்தை மூட வேண்டியதுதான். அந்தப் பயத்தில் நல்லாயிருந்த கொக்கியையும் இன்னொரு முறை மாற்றியிருந்தாள்.

பலன் கிடைத்துவிட்டது. கொக்கி சரி, அடுப்பும் குசினியும் சரி, பதிவேடு சரி. எல்லாவற்றுக்கும் மேலே நான்காவது வரி. ஆங்கிலத்தில் இருந்த அதை ப்ரீத்தி பெருமையோடு தமிழில் சொன்னாள்.

"'எந்நேரமும் பிள்ளைகளோடு பேசிக்கொண்டே இருப்பவர்.' இது என் சரக்கு இல்ல ஆன்ட்டி. போன வாரம் குழந்தைங்களைத் தனித்தனியா கேட்டேன்ல, ஆன்ட்டி என்ன பண்ணுவாங்கன்னு? நாலு பேரும் ஒரே பதில். எப்பப் பாரு பேசுவாங்களாம்! அப்படியே இங்கிலீஷ்ல போட்டுட்டேன். மேல அதைப் பார்த்துத்தான் முதல் தரம் குடுத்தாங்க."

அந்த வரியைக் கேட்டதிலிருந்துதான் கத்தரினின் முகம் செத்துப்போயிருந்தது.

"பிள்ளையள் சொன்னதையெல்லாம் எழுதுறதே?"

"எழுதியே ஆகணும் ஆன்ட்டி. குழந்தை வாயில பொய் வராதுல்ல?"

வராதுதான். அதுதான் கத்தரினைப் போட்டு அறுத்தது. மேசையை விட்டுக் கண்ணை எடுக்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"அப்புறம், அடுத்த மாசம் புதுசா சேர்றவங்களுக்கு ஒரு மீட்டிங். குழந்தைங்ககிட்ட எப்படிப் பேசணும்னு நீங்கதான் வந்து சொல்லித் தரணும்."

"ஐயோ, நானோ?"

"பின்ன யாரு? ரொம்பத்தான் அடக்கம் உங்களுக்கு!"

அப்போதுதான் குசினி வாசலில் டில்ஷா வந்து நின்றாள். நாலு வயது. படம் வரைந்துகொண்டிருந்தவள், தூரிகை கழுவிய நீலத் தண்ணீர்க் கோப்பையைத் தட்டி ஊற்றிவிட்டிருந்தாள். நனைந்த கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு கத்தரினின் வாயையே பார்த்தாள்.

ப்ரீத்திக்கு நீலமும் தெரியவில்லை, ஒளித்த கையும் தெரியவில்லை. "டில்ஷா குட்டி, ஆன்ட்டி இன்னைக்கும் பேசினாங்களா?" என்று குனிந்து கேட்டாள்.

"இண்டைக்கு இன்னும் பேசேல்ல" என்றது பிள்ளை, கேட்டும் கேளாத குரலில்.

"பாருங்க, எப்படி ஏங்குதுன்னு! நான் வந்து உங்களைப் பிடிச்சு வெச்சுக்கிட்டேன்."

கத்தரின் துவாயை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அவள் கிட்டப் போகப் போக டில்ஷாவின் தோள் இரண்டும் காதுவரை ஏறின. கத்தரின் அதைப் பார்த்துவிட்டாள்.

மண்டியிட்டு, சின்னக் கையைப் பிடித்துத் துடைத்துவிட்டாள். "ஒண்டுமில்லையம்மா. தண்ணிதானே, துடைக்கலாம்."

டில்ஷா நம்பவில்லை. இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்பதுபோல் அங்கேயே நின்றாள். 'போய்ப் படம் வரை' என்று இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் ஓடினாள்.

கத்தரின் கதிரையில் வந்து உட்கார்ந்தாள். கையெழுத்தில்லாத அறிக்கையை ப்ரீத்தியின் பக்கமாகத் தள்ளினாள். இதற்குப் பிறகு காப்பகம் இருக்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் தள்ளினாள்.

"உங்களோட ஒரு விசயம் கதைக்கோணும், பிள்ளை."

"பேசுங்க ஆன்ட்டி. ஏதாவது தப்பா எழுதிட்டேனா?"

"பிள்ளையள் சொன்னதில பிழையில்லை." கத்தரினின் தலை தானாகக் கவிழ்ந்தது. "எங்கட ஊரில பேசுறது எண்டால், உங்கட ஊரில திட்டுறது."