ஓட்டத்துக்கு ஒரு பானம்

“உனக்குன்னு அரைக்கிறதை எல்லாம் உன் வீட்டுக்காரரே குடிக்கிறார்டி. தெரியுமா உனக்கு?”

அக்கா சமையலறை வாசலிலேயே மறித்துக் கேட்டாள். பயிற்சி முடித்து வந்த தங்கை, குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“குடிக்கட்டுமே. பழம் வீணாப் போறதுக்கு அது தேவலை.”

“வாழைப்பழம், பேரீச்சை, ஓட்ஸ், தேன்னு தினமும் மிக்ஸி கத்துது. உனக்கு வர்றது வாரத்துக்கு ஒரு பாட்டில். மிச்சமெல்லாம் எந்தக் கிணத்துல விழுது?”

தங்கை சிரித்துக்கொண்டே குளிக்கப் போய்விட்டாள்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் வீட்டில் குழாய் மாற்றும் வேலை நடப்பதால் இங்கே வந்து தங்கியிருந்தாள், வந்ததிலிருந்து பார்க்கிறாள். தங்கை ஐம்பது கிலோமீட்டர் பந்தயத்துக்காக உயிரைக் கொடுத்து உழைக்கிறாள். அத்தனை தூரம் ஓடுகிறவர்களால் நடுவில் உட்கார்ந்து மென்று சாப்பிட முடியாது. சாப்பாட்டின் வலுவைக் குடித்தே ஆக வேண்டும். போன இரண்டு பந்தயங்களிலும் நாற்பது கிலோமீட்டர் ஆனதும் வயிறு புரட்டி, குடித்ததெல்லாம் வெளியே வந்து, அவள் சாலையோரத்தில் சரிந்துவிட்டாள். கடையில் விற்கும் சத்துப்பொடி எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த முறையும் முடிக்காவிட்டால் ஓட்டத்தையே விட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

ஒத்துக்கொள்ளும் பானம் ஒன்றை வீட்டிலேயே தயாரித்துத் தருவதாகப் பொறுப்பேற்றவர் அவள் கணவர். தையற்காரர். பஸ் புறப்பட்டால் ஓடிப் பிடிக்காமல் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிற மனிதர்.

மறுநாள் விடியற்காலையில் தங்கை பயிற்சிக்குப் போன பிறகு, அக்கா அவரைக் கையும் களவுமாகப் பிடித்தாள். நின்றபடியே ஒரு பெரிய டம்ளரை அண்ணாந்து காலி செய்துகொண்டிருந்தார்.

“ருசி எப்படி மாப்பிள்ளை?”

“உப்பு கொஞ்சம் தூக்கல், அக்கா.”

“அது அவளுக்கு அரைச்சதுதானே?”

“இது அவளுக்கு வேண்டாம்” என்றவர், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். “கொஞ்சம் வெளியே போயிட்டு வந்துடறேன்.”

முகத்தில் வெட்கத்தின் சாயல்கூட இல்லை.

அன்று கடைக்கு விடுமுறை. போனவர் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்பினார். சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினார்.

“எங்கே போயிருந்தீங்க?”

“நூல் வாங்க.”

கையில் நூல் இல்லை.

அக்காவுக்குப் பிடிபடாதது ஒன்று உண்டு. இவ்வளவு குடிக்கிறவர் பருக்கவே இல்லை. தன் பேன்ட்டையே பிரித்து, இடுப்பைக் குறுக்கித் தைத்துக்கொண்டிருந்தார்.

“மனசு உறுத்தினா உடம்புல எப்படி ஒட்டும்?” என்று அவர் காதுபடவே சொன்னாள். அவர் ஊசியில் நூல் கோத்தார்.

பந்தய நாள். நாற்பதாவது கிலோமீட்டரில், ஒரு பெட்ரோல் பங்க் வாசலில், இருவரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். அக்கா பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“என்ன இது, தண்ணியா இருக்கு? பாலும் இல்லை, கடலையும் இல்லை.”

“அவிச்ச உருளைக்கிழங்கு, வாழைப்பழம், தேன், உப்பு. அவ்வளவுதான். பால் இந்த வெயில்ல வயித்துல திரிஞ்சுடும், அக்கா. கடலை நெஞ்சோட நின்னுடும்.”

“கூடவே ஓடிப் பார்த்த மாதிரி பேசறீங்க.”

தங்கை வந்தாள். முகம் வெளுத்திருந்தது. நடந்துகொண்டே மடக்கு மடக்காகக் குடித்தாள். வயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்றாள். தையற்காரர் மூச்சு விடவில்லை, அக்காவும் விடவில்லை.

ஒரு ஏப்பம் வந்தது.

“உள்ளேயேதான் இருக்கு” என்றாள் தங்கை, தானே நம்பாதவளாக. பாட்டிலை அவர் கையில் திணித்துவிட்டு மறுபடி ஓடத் தொடங்கினாள்.

பங்க் ஊழியர் ஒருவர் தையற்காரரைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். “என்ன சார், இன்னிக்கு எங்க வாசல்ல வாந்தி கிடையாதா? பக்கெட்ல தண்ணி எடுத்து வெச்சிருந்தேனே.”

அக்கா திரும்பினாள். “யார் வாந்தி எடுத்தது?”

“சார்தான். குடிச்சிட்டு ஓடி வருவாரு. இங்கே வந்ததும் குடம் குடமா எடுப்பாரு. அப்புறம் அடுத்த வாரம் வேற ஏதோ குடிச்சிட்டு வருவாரு.”

எல்லைக்கோட்டுக்குப் போகும் ஆட்டோவில் அக்கா அவர் கையிலிருந்த பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “அவகிட்டயே கொடுத்துப் பார்த்திருக்கலாமே” என்றாள்.

“ஒத்துக்காததைக் குடிச்சா அன்னைய பயிற்சி போச்சு, அக்கா. உடம்பு தேற நாளாகும். அதான் மோசமானதெல்லாம் என் வயித்தோட நிக்கட்டும்னு விட்டுட்டேன். தேறினதை மட்டும் அவளுக்குக் கொடுத்தேன். சொன்னா தடுத்திருப்பா.”

தங்கை எல்லைக்கோட்டைத் தாண்டினாள். தாண்டியவள் நேராக வந்து அவர் தோளில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். அவள் நின்ற பிறகும் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

அக்காவின் பார்வை அந்தக் கால்களிலிருந்து மெல்ல நகர்ந்து, தையற்காரரின் கால்களுக்கு வந்தது.

“அப்படி எவ்வளவு தூரம்தான் ஓடினீங்க, மாப்பிள்ளை?”

அவர் இதில் என்ன கேள்வி என்பதுபோல் பார்த்தார்.

“அவளுக்கு நாற்பதுலதானே புரட்டும், அக்கா. அங்கே வரைக்கும் போனாத்தானே தெரியும்.”