இன்னாண்ணா, கேக்குதா?

திருத்தணி மலையடிவாரத்து ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில், வெயில் ஆட்டோக் கூரைகளை அப்பளமாகப் பொரித்துக்கொண்டிருக்கிறது. ஜெபரத்தினத்தின் வண்டியில் புது ஆம்ப்ளிஃபயருக்கு ஒயர் இழுக்கிறான் சூர்யபிரகாஷ். ஜெபரத்தினத்துக்குக் காது சுத்தமாகக் கேட்காமல் போய் ஒரு வருஷமாகிறது. தெரிந்தால் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தவிட மாட்டார்கள் என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. உதட்டைப் பார்த்தே கே.ஜி.கண்டிகைக்கு ஆள் ஏற்றுகிறார். ஆம்ப்ளிஃபயரில் நீல விளக்கு எரிகிறது. சூர்யபிரகாஷ் குமிழைக் கடைசிவரை திருகிவிட்டு, வாயை அகலமாகத் திறந்து கேட்கிறான்: "இன்னாண்ணா, கேக்குதா?" ஜெபரத்தினத்தின் கால் உடனே தாளம் போடுகிறது. "ஆங்! கொஞ்சம் கொறைப்பா, மலைமேல இருக்கிற கொரங்கெல்லாம் ஆந்திராவுக்கு ஓடிடப்போவுது!" சுற்றி நிற்கும் டிரைவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். தன் குரங்கு ஜோக் எடுபட்டுவிட்டதென்று அவரும் சேர்ந்து சிரிக்கிறார். அப்புறம்தான் சூர்யபிரகாஷ் இடது கையை விரித்துக் காட்டுகிறான்: ஸ்பீக்கரில் மாட்டாத இரண்டு ஒயர்கள், பல்லால் சீவிய செம்பு முனைகள் மினுங்க, அப்படியே கிடக்கின்றன. தாளம் போட்ட கால் மட்டும் இன்னும் நிற்கவில்லை. பின்னால் நிற்கும் வண்டிக்காரன் ஹாரனை அழுத்திய கட்டைவிரலை எடுக்காமலே, அவரைச் சுற்றிக்கொண்டு வரிசையில் முன்னால் வருகிறான்.