இருநூற்றுப் பன்னிரண்டு பேர் நடக்கும் தெரு

“பல்லைப் பிடுங்கறது வியாபாரம் ஆகாது, டாக்டரம்மா. வியாபாரம்னா சாமான் கடையிலேர்ந்து வாடிக்கையாளர் கைக்குப் போகணும். உங்ககிட்ட வாடிக்கையாளர் வாயிலேர்ந்து உங்க கைக்கு வருது.”

அதிகாரி இதைச் சிரிக்காமல் சொன்னார். வண்டிகள் நுழையாத அந்தக் கடைத்தெருவில் கீழ்த்தளம் முழுவதும் கடைகளுக்கே என்பது நகராட்சி விதி. வேறு தொழில் நடத்த வேண்டுமென்றால் அவர் கையெழுத்துப் போட்டு விதிவிலக்குத் தர வேண்டும். அவர் கையெழுத்து எப்படி இருக்கும் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

பல் டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டார். அவருடைய கிளினிக் இருக்கும் கட்டடத்தை மாதக் கடைசியில் இடிக்கப்போகிறார்கள். மாடியில் எத்தனையோ இடம் கிடைக்கிறது. ஆனால் அவரிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரு படி ஏறவே இரண்டு ஆள் வேண்டும்.

“பல் செட்டும் விக்கிறேனே சார். அது சாமான்தானே?”

“கண்ணாடி அலமாரியில வைப்பீங்களா? போற வர்றவங்க நின்னு ரசிக்கணும். அதுவும் விதிதான்.”

“தாராளமா வைக்கிறேன்.”

“முப்பத்திரண்டு பல்லும் இளிச்சுக்கிட்டு நின்னா எவன் ரசிப்பான்? பக்கத்துக் கடைக்கு வந்தவனும் தலைதெறிக்க ஓடுவான்.”

டாக்டர் கடைசியாக ஏழாம் பிரிவை எடுத்தார். அதை நம்பித்தான் வந்திருந்தார். ஒரு நாளைக்கு நூறு பேர்கூட நடக்காத தெருவில் யார் கேட்டாலும் விதிவிலக்கு உண்டு என்றது அந்தப் பிரிவு.

“ஞாயித்துக்கிழமை வந்து பாத்தேன் சார். ஈ காக்கா இல்லை. அத்தனை கடையும் பூட்டியிருந்துச்சு.”

“ஞாயித்துக்கிழமை கணக்குல சேராது. வேலை நாள்ல இருநூத்திப் பன்னிரண்டு பேர். நம்ம எழுத்தர் அந்த ஜன்னல்ல உக்காந்து தலை தலையா எண்ணியிருக்கார். சந்தேகம்னா நீங்களே எட்டிப் பாருங்க.”

அலுவலகம் அதே தெருவில் மாடியில் இருந்தது. வண்டியைப் பின்பக்கம் நிறுத்திவிட்டுப் பின்படி வழியாக ஏறி வந்த டாக்டர், முன்ஜன்னலில் எட்டிப் பார்த்தார். கீழே எள் விழ இடமில்லை. தலைக்குத் தலை, கைக்குக் கை ஒரு பை. அதற்குள் எழுத்தர் திரையை இழுத்துவிட்டார். வெயிலாம்.

“எங்கேர்ந்து சார் வந்தாங்க இத்தனை பேரு?” என்றார் டாக்டர், குரல் இறங்கி.

“எங்கேர்ந்து வந்தா என்ன? தலையை எண்ணச் சொல்லுது விதி. காரணத்தைக் கேக்கச் சொல்லலை. செழிப்பான தெரு. விண்ணப்பம் தள்ளுபடி. பதினஞ்சு நாளுக்குள்ள மேல்முறையீடு செய்யலாம். தபால்ல அனுப்பாதீங்க, நேர்லதான் வரணும்.”

டாக்டர் எழுந்து பின்படிப் பக்கம் திரும்பினார்.

“அட, அந்த வழி எதுக்கு? முன்வாசல் வழியாப் போங்கம்மா, காத்தாட இருக்கும்.” அதிகாரி இவ்வளவு அன்பாகப் பேசியது அன்றைக்கு அதுதான் முதல் தடவை.

டாக்டர் முன்படி இறங்கித் தெருவுக்கு வந்தார். திங்கட்கிழமை, காலை பதினொரு மணி. இரண்டு பக்கமும் அத்தனை ஷட்டர்களும் இறங்கித் துருப்பிடித்துக் கிடந்தன. கூட்டம் மட்டும் குறையவில்லை. அது அவர் இறங்கி வந்த படியில் தொடங்கி, தெருமுனை வரை ஒரே வரிசையாக நின்றது. கண் டாக்டர், வக்கீல், டியூஷன் மாஸ்டர், தையல் டீச்சர். ஒவ்வொருவர் பையிலும் ஒரு விண்ணப்பம்.

“உங்களுக்கும் கிடையாதுன்னுட்டாராக்கா?” என்றார் வரிசையில் முதல் ஆளாக நின்ற முடிதிருத்துபவர். “எனக்கு இது ஆறாவது தடவை.”

மேலே ஜன்னல் திரை விலகியது. எழுத்தர் டாக்டரின் தலையைப் பார்த்து ஒரு கோடு போட்டார். “இருநூத்திப் பதிமூணு, சார். தெரு முன்னேறுது.”