இன்னும் கொஞ்சம் கெட்டியா

அரிசோனாவில் ரிவால்வருக்கு ஸ்பிரிங் மாற்றித் தருகிற வெர்னனிடம் எல்லோரும் கேட்பது லேசான ஸ்பிரிங்தான். ஒவ்வொரு முறை சுடும் முன்பும் பின்னால் இழுக்க வேண்டிய துப்பாக்கிச் சுத்தியல் கட்டைவிரலுக்குச் சுலபமாக இழுபட்டால் சனிக்கிழமைத் துப்பாக்கிச் சுடும் போட்டியில் ஜெயிக்கலாம்.

எர்லீன் நேர்மாறு. கணவர் கிளைடின் ரிவால்வருக்கு முதல் மாதம் இருப்பதிலேயே லேசானதைக் கேட்டவள், பிறகு மாதாமாதம் இன்னும் கெட்டியானதாகக் கேட்டாள்.

"இன்னைக்கு துப்பாக்கியோடவே வந்த பழைய கெட்டி ஸ்பிரிங்கையே மாட்டிடுங்க" என்றாள்.

"கிளைட் தோத்தே ஆகணும்னு அவர் மேல அப்படி என்னம்மா கோவம்?"

எர்லீன் சிரித்தபடி வாசலைப் பார்த்தாள். உள்ளே வந்த கிளைட், வெர்னனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பக்கவாதத்துல செத்துக் கிடந்த கை இது. குண்டு போடாம தினமும் சுத்தியலை இழுத்து இழுத்தே தேத்தினேன். உங்க ஸ்பிரிங்குதான் வைத்தியம்."

பிடி வலித்தது. வெர்னன் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.